கிரீஸ் வண்டிக்கு மட்டும்தானா?

திருமங்கலத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக ராஜபாளையம் வரும் சாலையை நான்குவழியாக்கும் வேலையாகட்டும், கோடையில் கண்மாயில் வண்டல் அள்ளுவதாகட்டும், பொக்லைன் இல்லாமல் நடக்காது. மண்வெட்டி பிடித்தவரின் இடுப்பு வலியை ஊர் நம்பும். சீட்டில் உட்கார்ந்து லீவர் தள்ளுகிற ஆபரேட்டருக்கு வலி என்றால், ‘உட்கார்ந்துதானே வேலை?’ என்று கேட்கும்.

உட்கார்ந்திருப்பதுதான் சிக்கல். உட்கார்ந்த உடம்பு, நொடிக்கு 4 முதல் 8 முறை மேலும் கீழும் ஆடும் அதிர்வுக்கு மிக அதிகமாக ஈடுகொடுத்து ஆடும். குண்டும் குழியுமான தரையில் ஓடும் வண்டி கொடுப்பதும் ஏறக்குறைய அந்த மாதிரி அதிர்வுதான். முதுகெலும்பு டிஸ்க்குக்கு நேரடி ரத்த ஓட்டம் கிடையாது. சுற்றிலுமிருந்து ஊறி வரும் சத்தில்தான் பிழைக்கிறது. நாளெல்லாம் அமுங்கிக் குலுங்கினால் தேயும். ரிவர்ஸ் எடுக்கையில் கழுத்தையும் இடுப்பையும் முறுக்கிக்கொண்டே அந்தக் குலுக்கலை வாங்குவது இன்னும் கெடுதல்.

நிமிர்ந்து உட்கார்ந்தால் வலி வராது என்று சொல்லும் உரிமையாளர்கள் உண்டு. நிமிர்ந்து உட்காருவது நல்லதுதான். ஆனால் சீட் செத்துக் கிடந்தால் நிமிர்ந்த முதுகும் இடி வாங்கும்.

என் கவலையெல்லாம் அந்த சீட்டைப் பற்றித்தான். சஸ்பென்ஷன் சீட்டில், ஓட்டுபவரின் எடைக்குத் தக்கபடி திருகி வைக்க ஒரு பிடி இருக்கும். 60 கிலோ ஆளுக்கு வைத்ததில் 90 கிலோ ஆள் உட்கார்ந்தால், பள்ளத்தில் இறங்கும்போது சீட் அடிதட்டும். ஆள் மாறுகிறார், திருகு மாறுவதில்லை. ஃபோம் கிழிந்தால் துண்டை மடித்துப் போடுகிறார்கள். துண்டு உறுத்தலைக் குறைக்கும். அதிர்வு அப்படியே ஏறும். வாடகையோ மணிக் கணக்கு. அடுத்த வேலைக்கு வண்டியை விரட்டத்தான் தோன்றும். நின்று தோண்டும்போது படுவதைவிட, கரடுமுரடான தரையில் வேகமாக ஓட்டிப் போகும்போதுதான் முதுகு அதிகம் அடிபடுகிறது. இருபது வயதில் ஹெல்பராக ஏறி ஆபரேட்டராகிற பையன்களுக்கு இதை யார் சொல்லித் தருகிறார்கள்?

ஜெர்மனி 1993 முதல் இந்த இடுப்பு டிஸ்க் கோளாறைத் தொழில்நோய்ப் பட்டியலில் வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2002-ல் எட்டு மணி நேர வேலைக்கு அதிர்வின் உச்சவரம்பே வகுத்தது. நம் ஊர் ஆபரேட்டர் ஒரு ஊசி போட்டுக்கொண்டு மறுநாள் வண்டி ஏறுகிறார்.

ஆயில் மாற்றிய நாள், கிரீஸ் அடித்த நாள் எல்லாம் நோட்டில் எழுதுகிறார்கள். சீட் பார்த்த நாளுக்கும் அதில் ஒரு வரி வேண்டும். டாக்டரிடம் போகிறவர்கள் என்ன வண்டி, நாளைக்கு எத்தனை மணி நேரம் என்பதையும் சொல்லுங்கள். கால் மரத்து பலம் குறைந்தாலோ, சிறுநீர் போவதில் கட்டுப்பாடு தப்பினாலோ, மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பாமல் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.