ஸ்டாப்பை எண்ணாதீங்க, வருஷத்தைக் கேளுங்க

பேர்லேண்ட் பக்கம் ஏதாவது ஒரு சர்ச் தன் பழைய டிஜிட்டல் ஆர்கனை மலிவா விக்குதா? எத்தனை ஸ்டாப்னு எண்ணாதீங்க. எந்த வருஷத்து மாடல், மிடி இருக்கான்னு கேளுங்க. ஆலன் கம்பெனி டிஜிட்டல் ஆர்கன் விக்க ஆரம்பிச்சது 1971-ல்; மிடி வந்தது 1983-ல்தான். மிடி இருந்தா, உள்ளே சவுண்ட் போர்டு போனாலும் லேப்டாப்பில் ஹாப்ட்வெர்க் ஓட்டி அதே கட்டைகளில் வாசிக்கலாம். இல்லாததுக்கும் மாட்டலாம், ஆனா சோல்டரிங் தெரிஞ்ச ஆள் வேணும்.

வீட்டுக்குன்னா ஹெட்போன் ஜாக் கட்டாயம். சர்ச்சுக்குன்னா ஸ்பீக்கர்தான் பாதி வாத்தியம். கன்சோலை மட்டும் தந்தா விலையைக் குறைச்சுக் கேளுங்க. 32 பெடலையும் ஒண்ணொண்ணா மிதிச்சுப் பாருங்க.

நம்ம தமிழ் ஆராதனை வாடகை ஹாலிலா? அப்ப ஆர்கனே வேண்டாம். வாராவாரம் யார் தூக்குறது? கீபோர்டு போதும்.