ஒரே பணி, இரு உறவுகள்

விழுப்புரமும் கடலூரும் ஒன்றாகத் தென்னார்க்காடு மாவட்டமாக இருந்த காலத்தில், 1956 இல், நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. அங்கு ஒரே சுரங்கத்தில், ஒரே பணிநேரத்தில் இருவகைத் தொழிலாளர் உழைக்கின்றனர். ஒருவர் நிறுவனத்தின் ஊதியப் பட்டியலில் இருப்பவர். மற்றவர் ஒப்பந்ததாரரின் பட்டியலில் இருப்பவர். 2010 இலும் 2023 இலும் ஒப்பந்தத் தொழிலாளர் பணிநிரந்தரம் கோரி வேலைநிறுத்தம் செய்தனர். அனந்தபுரத்திலோ திண்டிவனத்திலோ படிப்பை முடித்துத் தொழிற்சாலை வேலை தேடும் மாணவரும் இவ்விருவகை வேலைகளையும் எதிர்கொள்ள நேரும்.

நேரடி நியமனத்தில் இருதரப்பினரே உளர்: வேலை தருபவர், வேலை செய்பவர். ஒப்பந்த முறையிலோ மூவர் உளர். நிறுவனம் ஒப்பந்ததாரருக்குப் பணத்தைத் தருகிறது. ஒப்பந்ததாரர் தொழிலாளிக்குக் கூலியைத் தருகிறார். தொழிலாளியின் உழைப்பைப் பெறும் நிறுவனம், சட்டத்தின் மொழியில், 'முதன்மை வேலையளிப்பவர்' மட்டுமே.

இதன் விளைவு காலப்போக்கிலேயே புலப்படும். 1972 ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் ஐந்தாண்டுத் தொடர்பணியைப் பொது அளவுகோலாக வைத்தது. ஒப்பந்ததாரர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுவார். தொழிலாளியோ அதே எந்திரத்தின் முன் நிற்பார். ஆனால், ஏட்டில் அவருடைய பணிக்காலம் மீண்டும் முதல் நாளிலிருந்து எழுதப்படும். பத்தாண்டு உழைத்தவரும் புதியவராகவே காட்டப்படலாம்.

ஒப்பந்தத் தொழிலாளருக்குச் சட்டப் பாதுகாப்பே இல்லை என்று கருதுவது பிழை. ஒப்பந்ததாரர் கூலி தரத் தவறினால் முதன்மை வேலையளிப்பவரே தர வேண்டும் என்று 1970 ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் விதித்தது. வருங்கால வைப்புநிதியும் தொழிலாளர் அரசுக் காப்பீடும் அவர்களுக்கும் உரியனவே. ஆண்டுக்கொருமுறை செய்யும் பழுதுபார்ப்பு போன்ற தற்காலிகப் பணிகளுக்கு ஒப்பந்த முறை பொருத்தமானதுதான். ஆண்டு முழுதும் நடைபெறும் பணிக்கும் அதைக் கையாளும்போதே சிக்கல் எழுகிறது.

இங்கு இரு சட்டங்கள் இருவேறு கேள்விகளை எழுப்பின. 'இப்பணி நிலையானதா?' என்று 1970 ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் பணியின் தன்மையை நோக்கியது. 'இவர் எத்தனை நாள் பணிபுரிந்தார்?' என்று 1981 ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் மனிதரை நோக்கியது. 24 மாதங்களில் 480 நாள்கள் தொடர்பணி செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்பது அதன் விதி. எண்ணிக்கை எளிது, அதை மெய்ப்பிப்பதே கடினம். வருகைப் பதிவேடு பெரும்பாலும் தொழிலாளியின் கையில் இருப்பதில்லை. ஊதியச் சீட்டும் வைப்புநிதிக் கணக்கும் சான்றாவது இதனால்தான்.

ஒரு பணியில் ஒப்பந்த முறை தடைசெய்யப்பட்டாலும் தொழிலாளர் தாமாகவே நிறுவனத்தின் பணியாளராகிவிடுவதில்லை என்று, இந்திய உருக்கு ஆணைய வழக்கில், 2001 இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும், ஒப்பந்தம் வெறும் திரையே என்று மெய்ப்பிக்கப்பட்டால் அவர்கள் நிறுவனத்தின் பணியாளராகவே கருதப்படுவர். தொழிலாளியைத் தேர்ந்தெடுத்தவர் எவர், நாள்தோறும் வேலையை மேற்பார்வையிட்டவர் எவர், ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் எவரிடம் இருந்தது என்பனவற்றைத் தொழில் தீர்ப்பாயம் ஆராய்ந்து அதனை முடிவுசெய்யும்.