‘அந்த ஒரு பையன்’: டி.சி.க்கு முன்னால் பள்ளி செய்யக்கூடியவை

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரப் பள்ளிகளில் ஜூலை பிறந்துவிட்டால் ஆசிரியர் அறையில் ஒரு பெயர் அடிபடத் தொடங்கும். பெஞ்சைக் கவிழ்த்தவன், பக்கத்தில் இருந்தவனைக் கடித்தவன், டீச்சரை எதிர்த்துப் பேசிவிட்டு வகுப்பிலிருந்து ஓடியவன். “அந்த ஒரு பையன் மட்டும் இல்லீன்னா கிளாஸ் தங்கமுங்க” என்பார்கள். முதலில் திட்டு, அப்புறம் முட்டி போடுதல், அப்புறம் “அப்பாவைக் கூட்டிட்டு வா”, கடைசியில் “வேற ஸ்கூல் பாத்துக்கோங்க”. தனியார் பள்ளி என்றால், பெற்றோரே விரும்பி மாற்றுச் சான்றிதழ் (டி.சி.) கேட்டதாக எழுதி வாங்கிக்கொள்வதும் உண்டு.

சட்டம் இதை ஏற்கவில்லை. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 16, எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியைவிட்டு நீக்கக் கூடாது என்கிறது. 2019இல் வந்த திருத்தம் 5, 8ஆம் வகுப்புகளில் தேறாதவர்களை நிறுத்திவைக்க மாநிலங்களுக்கு வழிவிட்டது. நீக்கக் கூடாது என்ற தடையை அது தொடவில்லை. அதே சட்டத்தின் பிரிவு 17 அடியையும் மன உளைச்சல் தருவதையும் தடுக்கிறது. தமிழ்நாடு அதற்கு முன்பே, 2003இல், கல்வி விதிகளின் 51ஆம் விதியைத் திருத்திப் பிரம்பை விலக்கிவிட்டது. ஆக, அடிக்காதே, அனுப்பாதே என்ற இரண்டையும் அரசு ஆசிரியரிடம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பின் என்னதான் செய்வது என்பதை மட்டும் ஒழுங்காகச் சொல்லித்தரவில்லை.

குறும்பும் கோளாறும்

குறும்பு பண்ணாத பிள்ளை எங்கே இருக்கிறது? மனநல மருத்துவர் பார்ப்பது எவ்வளவு காலமாக, எத்தனை இடங்களில், வயதுக்கு எவ்வளவு மீறி என்பதைத்தான். ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு–மிகைச்செயல்பாட்டுக் கோளாறு என்று முடிவுகட்ட, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், வீடு, பள்ளி என ஓரிடத்துக்கு மேல் தெரிய வேண்டும். வீட்டிலும் டியூஷனிலும் சமர்த்தாக இருந்துவிட்டு ஒரே ஒரு ஆசிரியரின் பாடவேளையில் மட்டும் ஆடுகிற பிள்ளைக்கு இந்தப் பெயரைச் சூட்ட முடியாது. அங்கே முதலில் ஆராய வேண்டியது அந்தப் பாடவேளையை. பெரியவர்களின் சொல்லை ஓயாமல் மீறும் எதிர்ப்புக் கோளாறு, திருட்டு, அடிதடி, பிராணிகளை வதைத்தல் என்று போகும் நடத்தைக் கோளாறு ஆகியவற்றுக்கும் இதுபோல் தனித்தனி அளவுகோல்கள் உண்டு.

பலருக்குத் தெரியாத ஒன்று, மனச்சோர்வு பிள்ளைகளிடம் அழுகையாக மட்டும் வருவதில்லை என்பது. எரிச்சலாகவும் வெடுக்கென்ற பேச்சாகவும் வரும். “திமிரு” என்று நாம் பெயர் வைப்பதில் ஒரு பங்கு அதுதான்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015–16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுள்ளோரில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோவொரு மனநலக் கோளாறு இருப்பதாகக் கணக்கிட்டது. 40 பேர் உள்ள வகுப்புக்குச் சராசரியாக மூன்று பேர். ஆசிரியருக்குத் தெரிவது ஒருவன். மற்ற இருவர் சத்தம் போடுவதில்லை என்பதால் பட்டியலிலேயே வருவதில்லை. திங்கட்கிழமை காலையானால் வயிற்றுவலி என்று படுத்துவிடும் எட்டாம் வகுப்புப் பெண், வெயிலிலும் முழுக்கை விட்டுக்கொண்டு மணிக்கட்டை மறைக்கும் பத்தாம் வகுப்புப் பெண் போன்றவர்கள் அந்த இருவர். நன்றாக இருந்த பிள்ளை ஒரே மாதத்தில் மாறிப்போனால், அதற்கு ஏதாவது நேர்ந்ததா என்றும் கேட்க வேண்டும். கோவை மாவட்டக் காவல்துறை 2022இல் ‘பள்ளிக்கூடம்’ என்ற திட்டத்தில் பள்ளி பள்ளியாகப் போய்ப் பாலியல் சீண்டல் பற்றிப் பேசியபோது, அதுவரை வாய் திறக்காத பிள்ளைகள் பேசினார்கள், வழக்குகளும் பதிவாயின.

ஒரு வண்டி வந்தது

தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறை மாணவர் மனநலத்தைப் பெரிதாகக் கையிலெடுத்தது ஒரு கொலைக்குப் பிறகு. 2012 பிப்ரவரியில் சென்னைத் தனியார் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் வகுப்பறையிலேயே ஆசிரியையைக் குத்திக் கொன்றான். அதையடுத்து மாநிலத்துக்கு 10 நடமாடும் உளவியல் ஆலோசனை மையங்கள் அறிவிக்கப்பட்டன. கோவைக்கும் ஒரு வண்டி வந்தது. அப்போது மாவட்டங்கள் 32, வண்டிகள் 10. ஒரே உளவியலாளர் பல மாவட்டங்களைச் சுற்ற வேண்டும். இதில் தேர்வு பயம் பற்றி ஒரு கூட்டம் போடலாம், நன்றாகவும் போடலாம். ஆனால் தினமும் மூன்றாவது பாடவேளையில் வெடிக்கிற ஒரு பையனுக்கு வேண்டியது தினமும் அங்கே இருக்கிற ஆள்.

கொங்குப் பெற்றோர் இந்த இடைவெளிக்கு வேறொரு வழி கண்டுபிடித்தார்கள். “ஆஸ்டல்ல போட்டாத்தான் சரிப்படுவான்.” நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்து விடுதிப் பள்ளிகள் பிளஸ் டூ மதிப்பெண்ணால் மாநிலமெங்கும் பெயர் வாங்கியவை. மாநில ரேங்க் பட்டியலை வெளியிடும் வழக்கத்தை 2017இல் நிறுத்திய அன்றைய கல்வி அமைச்சர் செங்கோட்டையனும் கோபிசெட்டிபாளையத்துக்காரர்தான். பட்டியல் போனாலும் விடுதிமேல் உள்ள நம்பிக்கை போகவில்லை. மணியடித்தால் எழுந்து மணியடித்தால் படுக்கிற ஒழுங்கு சில பிள்ளைகளுக்கு உண்மையிலேயே உதவும். அதை மறுக்க வேண்டியதில்லை. பதற்றமோ மனச்சோர்வோ உள்ள பிள்ளைக்கோ அது தன்னை அறிந்த ஒரே பெரியவரையும் பிடுங்கிக்கொள்வதாக முடியும்.

திருப்பூரில் கதை வேறு. பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிஃப்ட் முடித்துவிட்டு அம்மாவும் அப்பாவும் வீடு வர இரவு எட்டரை, ஒன்பது ஆகும். பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவரைப் பகல் பதினோரு மணிக்குப் பள்ளிக்கு வரச் சொன்னால் அன்றைய கூலியில் கை வைப்பதாகும். “பேரன்ட்ஸ் ஒத்துழைக்கிறதில்லை” என்று பதிவேட்டில் எழுதும் முன் இதை யோசிக்கலாம். வந்த பெற்றோரும் பெரும்பாலும் சொல்வது, “கண்ணை மட்டும் விட்டுட்டு மீதித் தோலை உரிச்சிருங்க சார்” என்பதுதான். டாக்டரிடம் போகச் சொன்னாலோ, “மெண்டல்னு பேரு வந்துருமுங்க, நாளைக்குப் பொண்ணு குடுப்பாங்களா?” அதற்கு முன் மந்திரித்துக் கயிறு கட்டியாகியிருக்கும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு

இனி பள்ளி என்ன செய்யலாம் என்பது. அமெரிக்காவில் 1975இல் வந்த மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் கல்விச் சட்டமே ‘உணர்ச்சித் தொந்தரவு’ என்பதைத் தனிப் பிரிவாகச் சேர்த்தது. சிறப்புக் கல்வி பெறும் மாணவனை ஒழுங்கு நடவடிக்கையாகப் 10 நாளுக்கு மேல் வெளியே நிறுத்தும் நிலை வந்தால், அவன் ஏன் அப்படி நடக்கிறான் என்று முறையாக ஆராய வேண்டும் என 1997இன் திருத்தம் கட்டாயமாக்கியது. அந்த ஆராய்ச்சிக்குப் பெரிய கருவி ஏதும் வேண்டாம். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும்.

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனை வைத்துக்கொள்வோம். இரண்டு வாரத்துக்கு அவன் வெடிக்கிற ஒவ்வொரு முறையும் ஆசிரியர்கள் நேரம், பாடவேளை, அதற்குச் சற்று முன் நடந்தது, அவன் செய்தது, உடனே பின்னால் நடந்தது ஆகியவற்றைக் குறிக்கிறார்கள். “ரவுடித்தனம் செய்தான்” என்று எழுதக் கூடாது. “முன் பெஞ்சு மாணவனின் முதுகில் இரண்டு முறை குத்தினான்” என்று எழுத வேண்டும். பத்து வேலை நாளில் ஒரு சித்திரம் தெரியும். தமிழ் வகுப்பில் வரிசையாக எழுந்து வாய்விட்டு வாசிக்கச் சொல்கிறார்கள். முறை இரண்டு பெஞ்சு தள்ளி வந்ததும் குத்து விழுகிறது. ஆசிரியர் வெளியே நிறுத்துகிறார். வராந்தாவில் நிற்பவனிடம் யாரும் வாசிக்கச் சொல்லப்போவதில்லை. இரண்டாம் வகுப்புப் பாடத்தையே எழுத்துக்கூட்டிப் படிக்கிற பையன் அவன். நாற்பது பேர் முன்னால் மக்கு என்று பெயர் வாங்குவதைவிட ரவுடி என்று பெயர் வாங்குவது அவனுக்குக் கௌரவம். நாம் தண்டனை என்று நினைத்தது அவனுக்கு விடுதலை.

காரணம் தெரிந்தால் செய்ய வேண்டியதும் தெரியும். வரிசை வாசிப்பை விட்டுவிடலாம். அவனுக்கு மட்டும் மூன்று வரியை முந்தின நாளே கொடுத்து வரச் சொல்லலாம். முடியாதபோது மேசைமேல் ஒரு அட்டையை வைத்தால் கேள்வி கேட்காமல் தண்ணீர் குடிக்க அனுப்பலாம். அதாவது, குத்தினால் கிடைத்த ஓய்வு இனிமேல் கேட்டால் கிடைக்கும். கூடவே அவனுக்கு எழுத்து வாசிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதில்லாமல் மற்றதெல்லாம் ஒட்டுவேலை.

ஆனால் இன்னொரு பையனின் நோட்டில் வேறு கதை இருக்கலாம். வகுப்பே சிரிக்க வேண்டும், டீச்சர் தன்னைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அவன் சேட்டை செய்கிறான். அவனை எல்லார் முன்னாலும் நிறுத்தி ஐந்து நிமிடம் திட்டுவது கேட்ட பரிசைக் கையில் கொடுப்பது. சின்னச் சேட்டையைக் காணாததுபோல் விட்டு, ஒழுங்காக உட்கார்ந்திருக்கும் நேரம் பார்த்துப் பெயர் சொல்லி அழைப்பதுதான் அவனுக்கு வேலை செய்யும். முதல் பையனுக்கு இந்த வைத்தியம் பயன்படாது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. கிடைத்துவந்தது நின்றுபோனால் எந்தப் பிள்ளையும் முதலில் இன்னும் பலமாகக் கேட்டுப் பார்க்கும். சேட்டை குறைவதற்கு முன் சில நாள் கூடும். “இதெல்லாம் நம்ம பசங்களுக்கு ஆவாது” என்று பலர் கைவிடுவது அந்தச் சில நாளில்தான்.

இன்னொரு எளிய ஏற்பாடு, பிள்ளைக்குப் பிடித்த பெரியவர் ஒருவரைக் காலையில் இரண்டு நிமிடம், மாலையில் இரண்டு நிமிடம் சந்திக்க வைப்பது. ஒவ்வொரு பாடவேளைக்கும் கட்டம் போட்ட ஒரு அட்டையை ஆசிரியர்கள் நிரப்புவார்கள். மாலையில் அந்தப் பெரியவரிடம் காட்ட வேண்டும். நம் பள்ளிகளில் அந்தப் பெரியவர் பெரும்பாலும் பி.டி. சாராக இருப்பார். யாருக்கும் அடங்காத பையன் அவர் சொன்னால் மைதானத்துக்குக் கோடு போடுவான். அவருடைய விசிலைப் பயன்படுத்திக்கொள்ளும் பள்ளிகள், இந்த உறவை ஏனோ பயன்படுத்துவதில்லை.

நோட்டுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. அமெரிக்காவில் ‘உணர்ச்சித் தொந்தரவு’ என்ற முத்திரை கறுப்பினச் சிறுவர்கள்மேல் அளவுக்கு மீறி விழுவதாக நெடுநாளாய்ப் புகார் இருக்கிறது. இங்கேயும் ஒரே சேட்டைக்கு நிலபுலன் உள்ள தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை ‘துறுதுறு’ என்றும், காலனிப் பிள்ளை ‘ரவுடி’ என்றும் பெயர் வாங்குவதைப் பார்க்காதவர் யார்? நேரமும் செயலும் மட்டும் எழுதியிருக்கும் பக்கத்தில் அந்த வேறுபாட்டை நுழைப்பது கடினம்.

சட்டத்தில் விழுந்த ஓட்டை

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிடும் 21 குறைபாடுகளில் மனநோய், ஆட்டிசம், கற்றல் குறைபாடு எல்லாம் உண்டு. ஏ.டி.எச்.டி.யும் எதிர்ப்புக் கோளாறும் பெயரோடு இல்லை. 40 சதவீதச் சான்றிதழ் இருந்தால்தான் பல சலுகைகள். ஆகவே வகுப்பைக் கலைக்கும் பிள்ளை, வட்டார வள மையத்துச் சிறப்புப் பயிற்றுநரின் பட்டியலுக்கு வெளியே நின்றுவிடுகிறது. அந்தப் பயிற்றுநர்களும் தொகுப்பூதியத்தில், பல பள்ளிகளைச் சுற்றுகிறவர்கள். பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண வித்யாலய வளாகமும் அவினாசிலிங்கம் பல்கலைக்கழகமும் சிறப்புக் கல்வி ஆசிரியர்களை உருவாக்குகிற ஊர் கோவை. ஆனால் நாட்டின் சிறப்புக் கல்வி பி.எட். பிரிவுகளில் பார்வை, செவி, அறிவுத்திறன், கற்றல் குறைபாடு என்று இருக்கிறதே தவிர, உணர்ச்சி–நடத்தைக் கோளாறுக்குத் தனிப் பிரிவு கிடையாது.

உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில், விசாகப்பட்டினத்தில் இறந்த நீட் மாணவி ஒருவரின் வழக்கில், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவரையாவது வைத்துக்கொள்ள வேண்டும் என்று வழிகாட்டுதல் தந்தது. மதிப்பெண்ணை வைத்து மாணவர்களை ‘பேட்ச்’ பிரிப்பதையும் எல்லார் முன்னாலும் அவமானப்படுத்துவதையும் இயன்றவரை தவிர்க்கச் சொன்னது. ராசிபுரம் முதல் பீளமேடு வரை எத்தனை பள்ளிகள் இதைப் படித்தன என்று கேட்கத் தோன்றுகிறது.

எங்கே போவது?

அரசுப் பள்ளிப் பிள்ளைகளை ஆண்டுக்கொரு முறை பரிசோதிக்க வரும் சிறார் நலத் திட்ட மருத்துவக் குழுவின் பட்டியலில் ஏ.டி.எச்.டி.யும் கற்றல் குறைபாடும் இருக்கின்றன. வகுப்பாசிரியர் அன்று நோட்டை எடுத்துக் காட்டினால் பரிந்துரை எளிதாகும். வெறும் எடையும் உயரமும் பார்த்து அனுப்பிவிட மாட்டார்கள். கோவை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டமும் இருக்கிறது. ஏ.டி.எச்.டி.க்குத் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட் தூக்க மாத்திரை என்று பலர் அஞ்சுகிறார்கள். அது தூக்கம் வரவழைக்கும் வகை அல்ல. பசியைக் குறைக்கலாம் என்பதால், மாத்திரை எடுக்கும் பிள்ளை மதியம் சாப்பிட்டதா என்று பள்ளி பார்க்க வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு வந்தால் அதை நாடகம் என்று விட்டுவிடக் கூடாது: டெலி மானஸ் 14416, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். பிள்ளைக்குத் துன்பம் நேர்கிறது என்றால் 1098.

டி.சி. வாங்கிக்கொள்ளச் சொன்னால் பெற்றோர் உடனே கையெழுத்துப் போட வேண்டியதில்லை. “எதனாலன்னு எழுத்துல குடுங்க” என்று கேட்கலாம். அதுவரை என்னென்ன செய்து பார்த்தார்கள், எந்தத் தேதியில் என்பதையும் சேர்த்துக் கேட்கலாம். பதில் வராவிட்டால் பள்ளிக்கல்வித் துறையின் 14417 எண்ணில் சொல்லிவிட்டு, முதன்மைக் கல்வி அலுவலருக்கு மனுக் கொடுக்கலாம். மற்ற 39 பிள்ளைகளின் பெற்றோரும் தலைமை ஆசிரியரின் அறை வாசலில் நிற்பார்கள் என்பது உண்மை. கடிபட்ட பிள்ளையின் அம்மா கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. அவரிடம் “அவனை அனுப்பிட்டோமுங்க” என்று சொல்வது ஒரு நிமிட வேலை. “இடம் மாத்தியிருக்கோம், இடைவேளையில ஒரு டீச்சர் கூடவே இருக்காங்க, ரெண்டு வாரத்துல மறுபடி கூப்பிட்டுச் சொல்றோம்” என்று சொல்வதற்கு நோட்டில் ஏதாவது எழுதியிருக்க வேண்டும்.