தகடும் மின்கலமும்

2022ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை நீண்டது. அந்நிலையில், பாலையூற்றில் ஒருவர் தம் கூரையிற் சூரிய மின்தகடு அமைக்க எண்ணுதல் இயல்பே. எத்தனை தகடுகளைத் தொடராகப் பிணைப்பது என்பதே முதல் வினா.

ஒரு தகட்டின் திறந்தசுற்று அழுத்தம் 22 உவோல்ற்று, வேலையழுத்தம் 18 உவோல்ற்று எனக் கொள்வோம். தொடரில் அழுத்தம் கூடும். ஐந்து தகடுகள் 110 உவோல்ற்றுத் தரும்; 100 உவோல்ற்றே தாங்கும் மின்னேற்றக் கட்டுப்படுத்தி பழுதாகும். இரண்டாயின் வேலையழுத்தம் 36. தகடு நண்பகலில் 65 பாகை செல்சியசு சூடேறின் அது ஏறத்தாழ 30க்கு இறங்கும். 24 உவோல்ற்று ஈய மின்கல அடுக்கு நிறைய 29 வேண்டுமாதலின் எஞ்சும் இடைவெளி மிகக் குறைவு. குறைமின்னேற்றத்திற் கிடக்கும் மின்கலம் விரைவிற் கெடும். எனவே மூன்று அல்லது நான்கே பொருந்தும். மேலெல்லையைக் குளிர்ந்த விடியலும் கீழெல்லையைச் சுடும் நண்பகலுமே வகுக்கின்றன.