நல்ல மார்க் வந்தாச்சு… விருப்பப் பட்டியல் சரியா இருக்கா?

இனயத்தில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். குளச்சலுக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் நடுவில் இருக்கும் கடற்கரை ஊர். அப்பாவுக்கு ஆழ்கடல் விசைப்படகில் வேலை. மகள் பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றிலும் அருமையான மதிப்பெண். “உனக்கென்ன மக்ளே, கேட்ட இடம் கிடைக்கும்” என்று தெருவே சொல்கிறது. அவளும் பொறியியல் கலந்தாய்வில் சென்னையின் பெரிய கல்லூரிகளில் கணினி அறிவியல் மட்டும் என்று ஐந்தே ஐந்து விருப்பங்களைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறாள். முதல் சுற்று முடிவு வருகிறது. இடம் எதுவும் ஒதுக்கப்படவில்லை.

இந்த வீடு கற்பனைதான். ஆனால் இந்தத் தவறு எந்த ஊரிலும் நடக்கக்கூடியது. மதிப்பெண் குறைந்த பிள்ளைகள் பயந்துபோய் நீளமான பட்டியல் போடுகிறார்கள். நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைகள்தான் தைரியமாகக் குட்டிப் பட்டியல் போட்டு மாட்டிக்கொள்கிறார்கள். உங்கள் வீட்டில் அப்படி நடக்காமல் இருக்க என்ன பண்ணலாம்? படிப்படியாகப் பார்ப்போம்.

கட்-ஆஃப் அல்ல, ரேங்க்தான் கணக்கு

தமிழ்நாடு பொறியியல் சேர்க்கையைத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என மொத்தம் 200-க்குக் கணக்கிடுவதைத்தான் நாம் கட்-ஆஃப் என்கிறோம். “போன வருஷம் 195-க்கு அந்தக் கல்லூரி கிடைச்சுது, என் பொண்ணுக்கு 196, அப்போ உறுதி” என்று பலரும் சொல்வார்கள். இதுதான் முதல் தவறு.

ஏன் என்றால், மதிப்பெண் ஒவ்வொரு ஆண்டும் ஏறி இறங்கும். 200-க்கு 200 எடுத்தவர்கள் 2023-இல் 102 பேர், 2024-இல் 65 பேர், 2025-இல் 144 பேர். உச்சியிலேயே இவ்வளவு வித்தியாசம் என்றால் 190-களில் எப்படி இருக்கும்? 2021-இல் கொரோனாவால் பிளஸ் டூ பொதுத்தேர்வே நடக்கவில்லை. 10, 11-ஆம் வகுப்பு மதிப்பெண்களையும் சேர்த்துத்தான் மதிப்பெண் போட்டார்கள். அந்த ஆண்டின் கட்-ஆஃபை வைத்து இன்று முடிவெடுத்தால் ஏமாந்துபோவோம்.

ஆகவே தரவரிசைப் பட்டியல் வந்ததும் இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: பொது ரேங்க், உங்கள் சமூகப் பிரிவுக்கான ரேங்க். கலந்தாய்வு இணையதளத்தில் முந்தைய ஆண்டுகளில் எந்தக் கல்லூரி, எந்தப் பாடப்பிரிவு, எந்த ரேங்க்கோடு முடிந்தது என்ற விவரம் இருக்கும். ரேங்க்கை ரேங்க்கோடு ஒப்பிடுங்கள்.

கணினி உங்கள் பட்டியலை எப்படிப் படிக்கிறது?

இது புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கணினி ரேங்க் வரிசையில் ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளும். உங்கள் முறை வரும்போது பட்டியலின் முதல் வரியைப் பார்க்கும். இடம் இருந்தால் அதைத் தந்துவிடும். இல்லையென்றால் இரண்டாவது வரி, பிறகு மூன்றாவது. முதலில் பொதுப் பிரிவில் இடம் இருக்கிறதா, பிறகு உங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவில் இருக்கிறதா என்று அதுவே பார்த்துக்கொள்ளும். இதற்காக நீங்கள் தனியாக எதுவும் செய்ய வேண்டாம்.

இதிலிருந்து மூன்று விஷயங்கள் தெரிகின்றன.

முதலாவது, கிடைக்காத ஒன்றை மேலே போட்டால் எந்த நஷ்டமும் இல்லை. கிண்டி பொறியியல் கல்லூரியை முதல் வரியில் போட்டதற்காக இரண்டாவது வரிக்கான உங்கள் வாய்ப்பு குறையாது. “இது கிடைக்காது, எதுக்கு போடணும்” என்று ஆசைப்பட்டதை விட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது, உறுதியாகக் கிடைக்கும் ஒன்றை எங்கே வைக்கிறீர்களோ அங்கேயே உங்கள் பட்டியல் முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே எத்தனை நல்ல கல்லூரி இருந்தாலும் கணினி அங்கே போகாது.

மூன்றாவது, எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் தரலாம். நீளமாகப் போட்டதற்கு அபராதம் இல்லை. சின்னதாகப் போட்டால்தான் ஆபத்து.

மூன்று பகுதியாகப் பிரியுங்கள்

பிடித்த கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். கல்லூரியும் பாடப்பிரிவும் சேர்ந்ததுதான் ஒரு விருப்பம். கிண்டியில் கணினி அறிவியல் ஒன்று, கிண்டியில் மின்னணுத் தொடர்பியல் இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் எதிரே உங்கள் பிரிவில் கடைசி மூன்று ஆண்டுகள் முடிந்த ரேங்க்கைக் குறியுங்கள். பிறகு இப்படிப் பிரிக்கலாம்:

• மேல் பகுதி: மூன்று ஆண்டுகளிலும் உங்கள் ரேங்க்குக்கு முன்பே முடிந்துபோனவை. கிடைத்தால் பெரிய சந்தோஷம்.

• நடுப் பகுதி: ஓர் ஆண்டு கிடைத்திருக்கும், ஓர் ஆண்டு கிடைத்திருக்காது என்ற நிலையில் உள்ளவை. பட்டியலில் அதிக வரிகள் இங்கேதான் இருக்க வேண்டும்.

• அடிப் பகுதி: மூன்று ஆண்டுகளிலும் உங்கள் ரேங்க்கைத் தாண்டி வெகுதூரம் போன பிறகே முடிந்தவை. வழக்கமான ஆண்டில் கட்டாயம் கிடைக்கும்.

நல்ல ரேங்க் உள்ள பிள்ளை கிண்டி, குரோம்பேட்டை எம்.ஐ.டி., கோவை பி.எஸ்.ஜி. என்று தொடங்கலாம். கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி, மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி என்று தொடரலாம். திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரி, நாகர்கோவில் கோணத்தில் உள்ள பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரி என்று ஊருக்குப் பக்கத்திலும் சில வரிகள் வைக்கலாம். எது எந்தப் பகுதியில் வரும் என்பதை உங்கள் ரேங்க்தான் சொல்லும், கல்லூரியின் பெயர் அல்ல.

ஒரு எச்சரிக்கை. சில கல்லூரிகளில் ஒரே பாடப்பிரிவு இரண்டு முறை வரும். ஒன்றின் பக்கத்தில் எஸ்.எஸ். என்று இருக்கும். அது சுயநிதிப் பிரிவு, கட்டணம் கூடுதல். இரண்டையும் போடலாம். ஆனால் தெரிந்து போடுங்கள்.

வரிசை ஆசைப்படி, நீளம் எச்சரிக்கைப்படி

பிரித்தாச்சு. இனி வரிசைப்படுத்த வேண்டும். இங்கே ஒரே விதிதான். எந்த இரண்டு வரியை எடுத்தாலும், “இரண்டுமே கிடைத்தால் எதில் சேருவேன்?” என்று கேளுங்கள். பதிலாக வருவது மேலே, மற்றது கீழே. எது கிடைக்கும், எது கிடைக்காது என்ற யூகத்தை வரிசைக்குள் கொண்டுவராதீர்கள்.

இந்தக் கேள்விதான் வீட்டில் பெரிய விவாதத்தைக் கிளப்பும். சென்னையில் சிவில் எடுப்பதா, நாகர்கோவிலில் கணினி அறிவியல் எடுப்பதா? பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்புவதா? விடுதிச் செலவுக்கு எங்கே போவது? இவை எல்லாம் நியாயமான கேள்விகள். ஆனால் பட்டியலைப் பூட்டும் கடைசி இரவில் பேசி முடிக்கிற கேள்விகள் அல்ல. முன்கூட்டியே பேசுங்கள். முக்கியமாக, படிக்கப்போகிற பிள்ளையைப் பேச விடுங்கள்.

அடிப் பகுதியில் கவனம்

நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைகள் மேல் பகுதிக்கு ஒரு வாரம் செலவழிப்பார்கள், அடிப் பகுதியை ஐந்து நிமிடத்தில் முடிப்பார்கள். உண்மையில் கஷ்டமான ஆண்டில் காப்பாற்றப்போவது அதுதான். அங்கே வைக்கும் ஒவ்வொரு கல்லூரியைப் பற்றியும் விசாரியுங்கள். பாடப்பிரிவுக்குத் தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் உண்டா? தேர்ச்சி விகிதம் எப்படி? அங்கே படிக்கும் பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள்?

கிடைத்தாலும் சேரமாட்டோம் என்ற கல்லூரியைச் சும்மா நிரப்புவதற்காகப் போடவே போடாதீர்கள். கணினிக்கு நீங்கள் சும்மா போட்டது தெரியாது, ஒதுக்கிவிடும்.

முதல் சுற்றில் எதுவும் கிடைக்காவிட்டால் கதை முடிந்துவிடாது, அடுத்த சுற்றில் கலந்துகொள்ளலாம். ஆனால் அப்போது முதல் சுற்றுக்காரர்கள் எடுத்ததுபோக மீதிதான் இருக்கும். நல்ல ரேங்க்கின் பலன் அங்கே கரைந்துபோகும்.

பொறியியல் மட்டும்தானா?

சமநிலை என்பது ஒரு கலந்தாய்வுக்குள் மட்டும் இல்லை. ஒரே வகை வலையை மட்டும் நம்பிக் கரையில் யாரும் தொழில் செய்வதில்லையே. அறிவியலில் ஆர்வம் இருந்தால் ஐசர் நிறுவனங்கள் உண்டு, அவற்றில் ஒன்று பக்கத்தில் திருவனந்தபுரம் விதுராவில் இருக்கிறது. அதற்குத் தனி நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். கப்பல் துறை என்றால் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வு. மீன்வளப் படிப்பு என்றால் நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகம். அங்கே பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு, மீனவர் குடும்பப் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடும் உண்டு. இவை ஒவ்வொன்றுக்கும் விண்ணப்பக் கெடு வேறு வேறு. ஒன்றின் முடிவைப் பார்த்துவிட்டு மற்றதற்கு விண்ணப்பிக்கலாம் என்று காத்திருந்தால் தேதி போய்விடும்.

ஓ.டி.பி. யார் போனுக்கு வருகிறது?

கடற்கரை வீடுகள் கட்டாயம் கவனிக்க வேண்டிய விஷயம் இது. 2025-இல் கலந்தாய்வுப் பதிவு மே 7-இல் தொடங்கி ஜூன் 6-இல் முடிந்தது. பொதுப் பிரிவு கலந்தாய்வு ஜூலை 14-இல் தொடங்கி ஆகஸ்ட் வரை போனது. மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். மே மாதம் பதிவு செய்யும்போது அப்பா கடலில் இருக்கலாம். ஜூன், ஜூலையில் கரையில் இருப்பார். ஆகஸ்ட்டில் அடுத்த சுற்று முடிவுகள் வரும்போது மறுபடி ஆழ்கடலில் இருப்பார், வாரக்கணக்கில் போன் எடுக்காது. பதிவில் அவர் எண்ணைக் கொடுத்திருந்தால் ஓ.டி.பி.யும் குறுஞ்செய்தியும் அந்தப் போனுக்குத்தான் போகும். ஒதுக்கீட்டை உறுதிசெய்யத் தரப்படுவதோ இரண்டே நாள்!

ஆகவே கரையில் இருப்பவர் எண்ணையும், பிள்ளையே திறந்து பார்க்கும் மின்னஞ்சலையும் கொடுங்கள். சேர்க்கை முடியும் வரை அந்த சிம்மை மாற்றாதீர்கள். தடைக்காலத்திலேயே குடும்பமாக உட்கார்ந்து பட்டியலைப் பேசி முடியுங்கள். அப்பாவின் கையெழுத்து, ஆவணம் தேவைப்படும் வேலைகளையும் அப்போதே முடியுங்கள்.

ஒதுக்கீடு வந்த பிறகு

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும், ஏற்றுச் சேர்கிறேன், ஏற்றுக்கொள்கிறேன் ஆனால் மேல் விருப்பத்துக்கும் காத்திருக்கிறேன், இது வேண்டாம் அடுத்த சுற்றுக்குப் போகிறேன் என்பது போன்ற வாய்ப்புகள் திரையில் வரும். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்து மேல் விருப்பம் கிடைத்துவிட்டால், பழைய இடம் தானாகப் போய்விடும். “பழையதே போதும்” என்று பிறகு சொல்ல முடியாது. அதனால்தான் வரிசை ஆசைப்படி இருக்க வேண்டும் என்கிறோம். எதைத் தேர்ந்தெடுத்தாலும் குறித்த நாளுக்குள் கட்டணம் கட்டினால்தான் இடம் நிற்கும்.

சலுகைகளை விட்டுவிடாதீர்கள்

• 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு, கல்லூரிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. நம் மாவட்டத்தில் உதவி பெறும் பள்ளிகள் நிறைய என்பதால் இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

• மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் அரசுப் பள்ளி மாணவர்களுக்கும், உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் பொருந்தும்.

• குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. சான்றிதழை இ-சேவை வழியாகப் பெறலாம்.

• தொழிலுக்காகக் கொச்சி, கொல்லம் பக்கம் குடியிருந்து பிள்ளை அங்கே படித்திருந்தால் பிறப்பிடச் சான்றிதழ் கேட்பார்கள். முன்பே வாங்கி வையுங்கள்.

பிரவுசிங் சென்டரில் உதவி கேட்பது தப்பில்லை. ஆனால் பட்டியல் உங்கள் நோட்டில் தயாராக இருக்கட்டும், பாஸ்வேர்டும் ஓ.டி.பி.யும் உங்கள் கையில் இருக்கட்டும். “நாங்களே நிரப்பித் தருகிறோம்” என்று யார் வந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் 1800-425-0110 என்ற கட்டணமில்லா எண்ணிலோ, மாவட்டத்தில் உள்ள கலந்தாய்வு உதவி மையத்திலோ கேளுங்கள். மற்ற படிப்புகளைப் பற்றிய வழிகாட்டலுக்கு 14417.

இனி அந்த இனயம் வீட்டுக்கு வருவோம். மகளின் ரேங்க்கில் குறை எதுவும் இல்லை. ஐந்து வரிக்குப் பதில் ஐம்பது வரி, மேலே ஆசைப்பட்டது, கீழே மனசார ஏற்கக்கூடியது என்று போட்டிருந்தால் முதல் சுற்றிலேயே ஒரு நல்ல இடம் கையில் இருந்திருக்கும். உங்கள் பிள்ளை இரண்டு வருடம் உழைத்து வாங்கிய ரேங்க் அது. மூன்று நாளில் நிரப்பும் பட்டியலால் அது வீணாகிவிடக் கூடாது. இன்றைக்கே ஒரு நோட்டை எடுங்கள்.