குறையுடைத் தலைவன் நடந்த வழி

ஒப்பற்ற தலைவன் ஒருவனைப் பெற்றிருத்தல் பெருங்காப்பியத்தின் இலக்கணங்களுள் ஒன்றெனத் தண்டியலங்காரம் கூறும். இதனை உரைகல்லாகக் கொண்டு சிலப்பதிகாரத்தை ஆராய்வார்க்குக் கோவலன் பெரியதோர் இடர்ப்பாடாய் நிற்பன். கற்புடைய மனைவியைத் தனிமையில் வாடவிட்டான். முன்னோர் ஈட்டிய பெரும்பொருளைத் தொலைத்தான். ஐயங்கொண்டு மாதவியையும் பிரிந்தான். முடிவில் பொய்யன் ஒருவனது சொல்லால் வெட்டுண்டு மடிந்தான். இத்தகையானைத் தலைவன் என்றல் எங்ஙனம் பொருந்தும்? இவ்வினாவிற்குரிய விடை அவன் மதுரைக்கு நடந்துவந்த வழியிலேயே கிடக்கின்றது என்பது எமது கருத்து.

கிறிஸ்து பிறப்பதற்கு முன் நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த அரிஸ்டாட்டில், அவல நாடகத்தின் தலைவன் முற்றும் நல்லவனாதலும் ஆகாது, முற்றும் தீயவனாதலும் ஆகாது என்றார். நல்லவன் வீழின் காண்போர் உள்ளம் வெறுப்படையும். தீயவன் வீழின் இரக்கம் பிறவாது. ஆதலின் இவ்விருவர்க்கும் இடைநின்ற ஒருவன் தன் பிழையொன்றால் வீழ்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. அப்பிழைக்கு அவர் இட்ட பெயர் 'ஹமார்த்தியா' என்பது. எய்தது குறி தவறுதல் என்பதே அச்சொல்லின் அடிப்பொருள். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் 'பாவம்' என்பதனைக் குறிக்கப் பெரிதும் வழங்குவதும் இச்சொல்லே.

இத்தலைவன் நாடக மேடையோடு ஒழிந்தானல்லன். இந்நாளைய விளையாட்டுக்களிலும் உலவுகின்றான். இளைஞர் சிலர் ஒருங்கிருந்து ஆளுக்கொரு பாத்திரத்தை மேற்கொண்டு கதையொன்றைத் தாமே நடத்திச் செல்லும் விளையாட்டுக்கள் மேனாட்டில் உள. 1991-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த 'வாம்பயர்: த மாஸ்கரேட்' என்பது அவற்றுள் பேர்பெற்ற ஒன்று. அதில் ஆடுவோர் இரத்தம் பருகும் பேயுருக்களாக நடிப்பர். ஒவ்வொரு பாத்திரத்தினிடமும் எஞ்சியிருக்கும் மனிதத்தன்மை பத்துக்கு உட்பட்ட ஓர் எண்ணாற் குறிக்கப்படும். கொடுமை செய்யுந்தோறும் அவ்வெண் குறைதல் கூடும். அது முற்றும் அற்றால் பாத்திரம் ஆடுவோன் கையைவிட்டே நீங்கிவிடும். இவ்வளவும் நல்ல அமைப்பே. ஆனால் தன் பாத்திரத்திற்குக் குறைகள் சிலவற்றைத் தானே தெரிந்து ஏற்பவனுக்கு, அவற்றிற்கு ஈடாக வேறு ஆற்றல்களைப் பெறும் புள்ளிகள் கிடைக்கும் என்னும் விதியும் அதன்கண் உண்டு. ஈண்டுக் குறை ஒரு முதலீடாகின்றது. கோவலன் கதை இதனினும் வேறுபட்டது.

எம் தல்லாகுளம் வையையின் வடகரையில் உள்ளது. ஆண்டுதோறும் சித்திரைத் திருவிழாவில் அழகர் தம் மலையினின்றும் புறப்பட்டு இங்கு வந்து தங்கிப் பின்னரே ஆற்றில் இறங்குவர். அம்மலையே சிலப்பதிகாரம் கூறும் திருமால் குன்றம் என்பர் அறிஞர். காடுகாண் காதையில் மாங்காட்டு மறையவன், மதுரைக்குச் செல்லும் வழிகள் மூன்றெனக் கோவலனுக்கு உரைக்கின்றான். வலப்பக்க வழி வறண்ட நிலத்தூடே செல்வது. இடப்பக்க வழி திருமால் குன்றத்தை அடுத்துச் செல்வது. இடைவழி ஊரும் காடும் விரவியது.

இடவழியின் சிறப்பு வியப்பிற்குரியது. ஆங்கு ஒரு பிலம் உண்டு. மந்திரம் ஓதி மலையை மும்முறை வலம்வந்தார்க்குத் தெய்வ மகள் ஒருத்தி தோன்றி வினாக்கள் விடுப்பாள். விடை கூறியவர்க்குக் கதவு திறக்கும். உள்ளே பொய்கைகள் மூன்று. ஒன்றில் மூழ்கினோர் இந்திரனது நூலறிவைப் பெறுவர். மற்றொன்றில் மூழ்கினோர் முற்பிறப்பை உணர்வர். இன்னொன்றில் மூழ்கினோர் எண்ணியதை எய்துவர். இழந்தது பலவுடைய கோவலனுக்கு இதனினும் ஏற்ற வழி யாது? ஆயினும் உடன்வந்த கவுந்தியடிகள் அதனை வேண்டாவென மறுக்கின்றார். முன்செய்த வினையை இப்பிறப்பின் வாழ்விலேயே காணலாம் என்பதும், வாய்மை தவறாது பிறவுயிரைப் பேணுவார்க்குக் கிட்டாத பொருள் இல்லை என்பதும் அவர் கூறும் காரணங்கள்.

மூவரும் இடைவழியே செல்கின்றனர். நீர் கொணரச் சென்ற கோவலன்முன் கானுறை தெய்வமொன்று மாதவியின் தோழி வயந்தமாலையின் வடிவில் தோன்றி அடிவீழ்ந்து அழுகின்றது. மறையவன் முன்னரே எச்சரித்திருந்தமையால் அவன் கொற்றவை மந்திரத்தை ஓதினான். தெய்வம் தன் வஞ்சத்தை ஒப்பி அகன்றது. பொய்த்தூதை ஓட்ட மந்திரம் போதியதாயிற்று.

பின்னர் மெய்த்தூது வந்தது. வழியில் கௌசிகன் என்னும் அந்தணன் மாதவியின் ஓலையைக் கொணர்ந்து கொடுத்தான். அதனை ஓட்டுதற்கு மந்திரம் இல்லை. படித்த கோவலன், அவள்பால் குற்றமில்லை, குற்றம் தன்னுடையதே எனத் தெளிந்தான். அவன் தலைவனானது இவ்விடத்திலேதான் என்பது எம் துணிபு. முன்னொருநாள் பிறனொருவன் உயிர்க்கு ஈடாகத் தன்னுயிரைப் பூதத்திற்கு அளிக்க முன்வந்த வீரன் அவன் என்பதை மாடலன் வாயிலாகப் பின்னர் அறிகின்றோம். பூதத்தின்முன் நிற்றற்கு வேண்டிய துணிவினும் அவ்வோலையின்முன் நிற்றற்கு வேண்டிய துணிவு பெரிது.

அதன்பின் மரப்புணையில் வையையைக் கடந்து தென்கரை சேர்ந்தனர். ஆயர் சேரியில் உணவுண்ட பின்னர்க் கோவலன், தான் தீயோரோடு திரிந்ததையும் பெற்றோர் சொல்லைப் பேணாததையும் கண்ணகியிடம் கூறி வருந்துகின்றான். அவளும் அவன் பிழையை இல்லையென மறைத்துக் கூறவில்லை. சான்றோர் ஏற்காத நடையையே அவன் மேற்கொண்டான் என்கின்றாள். பின்னர்ச் சிலம்பை வாங்கிக்கொண்டு சென்றவன் மீண்டானல்லன்.

இங்கேதான் விளையாட்டும் காப்பியமும் பிரிகின்றன. கோவலனுக்கு அவன் குறை எந்த ஆற்றலையும் ஈட்டித் தரவில்லை. அதன் விலையைக் கொடுத்தவர்களும் பிறரே: கண்ணகி கொடுத்தாள், மாதவி துறவு பூண்டு கொடுத்தாள், மைந்தன் துயர்கேட்ட தாய் உயிர் நீத்துக் கொடுத்தாள். உணர்வு பிறந்தது, ஆயினும் செய்தது செய்யாததாகவில்லை. எனினும் அவ்வுணர்வு பிறவாதிருந்தால் கோவலன் கொலையுண்ட வணிகன் ஒருவனாகவே ஒழிந்திருப்பான். நாமும் அவனுக்காக இரங்கியிரோம்.

குறையுடைமை தன்னளவில் எவரையும் தலைவராக்குவதில்லை. இளமைக் குறைகளை அணிகலனாகப் பூண்டு திரிதல் நம்மனோர்க்கு எளிது. பொய்கையில் மூழ்கி அவற்றைப் போக்கிக்கொள்ள விழைதலும் எளிது. 'தவறு எனது' என்று சொல்லி, மேலும் நடத்தலே அரிது. அடுத்த சித்திரையில் அழகர் தல்லாகுளத்திற்கு எழுந்தருளுங்கால், அம்மலையின் வழியை விடுத்து இடைவழியே நடந்துவந்த ஒருவனையும் நம் மாணவ நண்பர்கள் நினைவுகூர்வார்களாக.