கதிர்மருத்துவச் சொற்களில் காலக்கூறு

புற்றுநோய்க்கான கதிர்மருத்துவத்தைத் தமிழக நோயாளிகள் பலர் ‘கரண்ட் வைத்தல்’ என்பர். மொழிபெயர்ப்புகளிலோ ‘கட்டியை எரித்தல்’ என்னும் தொடர் எளிதில் நுழைந்துவிடுகிறது. இரண்டும் வெப்பத்தையோ மின்னதிர்ச்சியையோ நினைவூட்டுவன. வழக்கமான ஒருநாள் அளவாகிய 2 கிரே, திசுவின் வெப்பநிலையை ஏறத்தாழ 0.0005 செல்சியஸ் பாகையே உயர்த்தவல்லது. ஆற்றல் சிறிது; அது தாக்கும் இடமே முதன்மையானது.

கதிர், உயிரணுவின் டி.என்.ஏ. இழைகளை நேராகவோ, அணுவிலுள்ள நீரைச் சிதைப்பதன் வழியாகவோ அறுக்கிறது. ஓரிழை அறுந்தால் உயிரணு பெரும்பாலும் அதனைச் செப்பனிட்டுக்கொள்ளும். அருகருகே ஈரிழையும் அறுந்தால் அது கடினம். ஆயினும் பெரும்பாலான அணுக்கள் உடனே மடிவதில்லை. பின்னர்ப் பிளவுற முயலும்போதே மடிகின்றன. ஆதலால் சிகிச்சை முடிந்து வாரங்கள் பல கழிந்த பின்னும் கட்டி சுருங்கிக்கொண்டிருக்கக்கூடும். ‘எரித்தல்’ என்னும் வினை இந்த இடைவெளியை விழுங்கிவிடுகிறது. எரிந்தது அன்றே எரிந்திருக்க வேண்டுமன்றோ? கட்டி இன்னும் கையில் தட்டுப்படுவதால் சிகிச்சை தோற்றதென நோயாளி கருதுவதற்கு இச்சொல்லே இடந்தருகிறது.

மொத்த அளவைப் பகுத்து, வாரத்திற்கு ஐந்து நாள் வீதம் ஐந்து முதல் ஏழு வாரம் வரை வழங்குவது நெடுநாளைய முறை. சில புற்றுகளுக்கு இன்று இக்காலம் குறுகியுள்ளது. இப்பகுதியை ‘பின்னம்’ எனப் பெயர்ப்பது அகராதிக்கு உண்மையாகலாம், பொருளுக்கு ஆகாது. ‘தவணை’ என்பதில் கடன் வாடை வீசினும், இடைவெளி என்னும் குறிப்பு அதிலேயே உண்டு. அவ்விடைவெளியில்தான் நலமான திசு தன் பழுதைச் செப்பனிடுகிறது. புற்றணுக்கள் பெரும்பாலும் இதில் பின்தங்குகின்றன.

நலமான திசுவுறும் கேடு முழுவதையும் ‘பக்கவிளைவு’ என்று ஒரே சொல்லில் அடக்குவதும் குறையே. விரைந்து பிளவுறும் அணுக்களையுடைய தோலிலும் வாயின் சளிப்படலத்திலும் புண் சில வாரங்களில் தோன்றிப் பெரும்பாலும் ஆறிவிடும். திசு நார்போல் இறுகுதல், தண்டுவடப் பாதிப்பு முதலியன மாதங்களோ ஆண்டுகளோ கழித்துத் தோன்றி நிலைத்துவிடக்கூடும். முன்னதை ‘உடன்விளைவு’, பின்னதை ‘காலந்தாழ்ந்த விளைவு’ எனப் பிரிப்பது தகும். ஒப்புதல் படிவத்தில் இவ்வேறுபாடு இல்லையெனில், நோயாளி எதற்கு உடன்பட்டார் என்பதே ஐயத்திற்குரியது.

‘கதிர்வீச்சு’, ‘கதிரியக்கம்’ இரண்டையும் மயக்குவதால் வரும் இடர் வீட்டினுள்ளும் தொடர்கிறது. வெளியிலிருந்து எக்ஸ் கதிர் பெற்றவர் உடல் கதிரியக்கம் கொள்வதில்லை. அவர் குழந்தையைத் தடையின்றித் தூக்கலாம். சிகிச்சைக்கென அயோடின்-131 உட்கொண்டவரோ சில நாள் விலகியிருத்தல் வேண்டும்.